இருபத்து மூன்றாம் பக்கத்துப் பெண்

சட்டையின் மூன்றாவது பொத்தானோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிய ஒரு காலையில்தான், இனி இப்படியே ஓட்ட முடியாது என்று மெய்ப்புக்காரி முடிவுக்கு வந்தாள். அம்மா போய் அப்போது ஏழு மாதம்.

அச்சாகப் போகும் புத்தகங்களில் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுப்பது அவள் தொழில். வயது முப்பத்தொன்பது. பதினைந்து வருஷமாக ஒரே அச்சகம். வாரம் ஒருமுறை ஆள் வந்து திருத்திய தாள் கட்டை எடுத்துக்கொண்டு புதுக் கட்டை வைத்துவிட்டுப் போவான். பிறக்கும்போதே அவளுக்குப் பெருமூளை வாதம். கால்கள் அவள் பேச்சைக் கேட்டதே இல்லை. இடது கை மறுத்துவிடும். வலது கை கேட்கும், ஆனால் யோசித்துவிட்டுத்தான் கேட்கும். நாக்கும் அதே ரகம். ஒரு சொல் நெஞ்சிலிருந்து புறப்பட்டு உதட்டுக்கு வந்து சேர்வதற்குள் எதிரில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்துவிடுவார்.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது, குளிப்பது, உடுத்துவது எல்லாம் அம்மா இருந்தபோது நாற்பது நிமிஷ வேலை. இப்போது இரண்டரை மணி நேரம், அதுவும் நல்ல நாளில். அதன் பிறகு மேசையும் அச்சுத் தாள்களும்தான். சில நாட்களில் சாயங்காலம் ஆன பிறகுதான், விடிந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது அவளுக்கு உறைக்கும். உடனே சும்மா ஒருமுறை இருமிப் பார்ப்பாள், குரல் இருக்கிறதா என்று.

வெளியூரில் இருந்த தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான்.

"காலைல ஒரு மணி நேரம் வர்றதுக்கு ஒரு ஆள் இருந்தா போதும்டா," என்றாள்.

"அதுக்குன்னே ஒரு மையம் இருக்கேக்கா. வீட்டுக்கே துணையாள் அனுப்புறாங்கன்னு பேப்பர்ல படம்லாம் போட்டு வந்துச்சே. போய்க் கேளு, கொடுக்காம எங்க போவாங்க."

சரியென்று போனாள். வாடகை வண்டிக்காரர் நல்ல மனுஷர். அவளைத் தூக்கி உட்கார வைத்து, சக்கர நாற்காலியை மடக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மையத்தின் பெயர்ப்பலகை கட்டடத்தின் நீளத்துக்கு இருந்தது: 'பெருமூளை வாதம் உள்ளோர்க்கான ஒருங்கிணைந்த ஆதரவு மற்றும் மறுவாழ்வு மையம்.' ஆதரவு என்ற சொல்லில் முதல் எழுத்து கழன்று விழுந்து 'தரவு' மட்டும் மிச்சம் இருந்தது. தொழில் புத்தியில் அவள் கண் அங்கேதான் போய் நின்றது. அதைப் பிழை என்று சொல்ல முடியாது என்பது போகப் போகத்தான் அவளுக்குத் தெரிந்தது.

வாசலில் படிகள். பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறுவதற்கென்று வழவழவென்று ஒரு சாய்தளம். அதன் நட்டநடுவில், இந்தச் சாய்தளத்தைத் திறந்து வைத்தவர் யார் என்று சொல்லும் கல்வெட்டு, ஆள் உயரத்துக்கு நின்றது. நாற்காலி அதைத் தாண்டிப் போக வழியில்லை.

"இது ஏறுறதுக்கா, பாக்குறதுக்கா?" என்று வண்டிக்காரர் காவலாளியைக் கேட்டார்.

"திறப்பு விழா அன்னைக்கு ஏறுனாங்கய்யா," என்றார் காவலாளி. "அப்ப கல்லு வெக்கல."

இரண்டு பேருமாக அவளை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள்.

பதிவு அலுவலர் மெய்ப்புக்காரியைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு, வண்டிக்காரரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"இவங்களுக்கு என்ன வயசு?"

"எனக்கெப்படிங்க தெரியும்? நான் வண்டி ஓட்டுறவன். அவங்களையே கேளுங்க."

"முப்பத்தொன்பது," என்றாள் அவள். அலுவலர் வண்டிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகு எழுதிக்கொண்டார்.

"இந்த நிலை எப்பலேர்ந்து?"

"பிறந்ததுலேர்ந்து."

"தேதி வேணும்."

அவள் பிறந்த தேதியைச் சொன்னாள்.

"அது பிறந்த தேதி. நான் கேக்குறது பாதிப்பு ஆரம்பிச்ச தேதி."

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

"ஒண்ணா இருக்கக் கூடாதே. ஒரே தேதிய ரெண்டு கட்டத்துல போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது." அலுவலர் கொஞ்சம் யோசித்து, மனம் இரங்கி, இரண்டாவது கட்டத்தில் மறுநாள் தேதியைப் போட்டார். மையத்தின் பதிவேட்டின்படி மெய்ப்புக்காரி இந்த உலகத்தில் ஒரே ஒரு நாள் ஆரோக்கியமாக வாழ்ந்தாள். அன்று என்ன செய்தோம் என்று அவளுக்கு நினைவில்லை.

"அடுத்தது பிரிவு. இது குழந்தைகள் பிரிவுல வரும்."

"நான் குழந்தை இல்லீங்களே."

"பெருமூளை வாதம்னாலே எங்களுக்குக் குழந்தைகள் பிரிவுதாங்க. பெரியவங்களுக்குன்னு பிரிவு கிடையாது."

"குழந்தைங்க வளர மாட்டாங்களா?" இதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது முறை வண்டிக்காரர் கூடச் சேர்ந்து சொன்னார்.

அலுவலர் கோபப்படவில்லை. "வளருவாங்க. வேணாம்னு யாரு சொன்னா? எங்க பதிவேட்டுல இதுவரைக்கும் யாரும் வளந்ததில்ல, அவ்வளவுதான்."

அடுத்த வாரம் மதிப்பீடு. சுவரெல்லாம் யானையும் முயலும் வரைந்திருந்த அறை அது. பயிற்சியாளருக்கு மெய்ப்புக்காரியைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். எதிரில் சின்ன நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "வாங்க பாப்பா, நாம விளையாடலாமா?" என்றாள்.

மெய்ப்புக்காரி அன்று காலை இருநூறு பக்கச் சட்டப் புத்தகம் ஒன்றைத் திருத்தி முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"எனக்கு விளையாட்டு வேணாம்மா. காலைல ஒரு ஆள் வேணும்."

"கேக்குறேன் கண்ணு. மொதல்ல இந்தக் கட்டைய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குங்க பாப்போம். அஞ்சு."

மூன்று அடுக்கினாள். நான்காவதில் கை வெட்டி இழுத்து, எல்லாம் சரிந்தது. பயிற்சியாளர் கை தட்டினாள். "பரவால்ல, சமத்து!" என்று சொல்லி அவள் புறங்கையில் மஞ்சள் நட்சத்திரம் ஒன்றை ஒட்டினாள். பிறகு வாத்துப் படத்தைக் காட்டி இது என்ன என்றாள். "வாத்து" என்றாள் மெய்ப்புக்காரி. அவள் சொன்னது பயிற்சியாளருக்கு வேறெதுவாகவோ கேட்டது. கட்டத்தில் பெருக்கல் குறி விழுந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நட்சத்திரத்தை உரிக்க முடியவில்லை. இடது கை உதவாது, வலது கையில்தான் அது ஒட்டியிருந்தது. மூன்று நாள் கழித்துத் தானாகவே விழுந்தது.

மதிப்பீட்டு முடிவு தபாலில் வந்தது. பயனாளி 417-க்குச் செயல்திறன் வயது இரண்டு வருடம் நான்கு மாதம். துணையாள் அவசியம் தேவை என்று பரிந்துரைக்கப்பட்டிருந்தது. அவள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த வரி வந்தது: இந்த வயதினர் தாமே விண்ணப்பிக்க இயலாது, தாயின் கையெழுத்து தேவை.

போனில் கேட்டாள். அம்மா இல்லை என்றாள்.

"அப்படின்னா தாய் தன்னால கையெழுத்துப் போட முடியாதுன்னு எழுதிக் குடுக்கணும்," என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"யாரு எழுதிக் குடுக்கணும்?"

"தாய்தான்."

மெய்ப்புக்காரி போனை வைத்தாள். அம்மாவுக்கு இப்படிப்பட்ட விஷயங்கள் சிரிப்பு மூட்டும். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொள்வாள். இதைச் சொல்லிச் சிரிக்க இப்போது வீட்டில் ஆள் இல்லை. சிரிப்பு வருகிற மாதிரி வந்து, வராமல் போனது.

கடைசியில் இயக்குநரையே பார்த்துவிடுவது என்று போனாள். அன்று காலை நான்கு மணிக்கே எழுந்து, எல்லாப் பொத்தானையும் போட்டு, தலையையும் எப்படியோ வாரி முடித்திருந்தாள். அழுக்காகப் போனால் பரிதாபப்பட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயம்.

இயக்குநர் எழுந்து நின்றே வரவேற்றார். மூலையில் கணினி முன் தட்டச்சுக்காரம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களா? நீங்களே குளிச்சு, நீங்களே உடுத்திக்கிட்டு, நீங்களே வந்துட்டீங்களா?"

"ஆமாங்க. அஞ்சு மணி நேரம் ஆச்சு. அதான் ஒரு ஆள்..."

"அற்புதம்!" இயக்குநர் கண் கலங்கினார். அவர் பொய்யாகக் கலங்கவில்லை என்பதுதான் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. "பாத்தீங்களாம்மா, இதுக்குப் பேருதான் மறுவாழ்வு. வெளிப்படையா சொல்றேன், உதவின்னு ஒண்ணு குடுத்துட்டா மனுஷன் உதவி தேவைப்படுறவனா ஆயிடுறான். பதினெட்டு வருஷமா இந்த மையத்த நடத்துறேன். ஒருத்தர, ஒரே ஒருத்தரக்கூட அந்த நெலமைக்கு நாங்க தள்ளினதில்ல. துணையாள் திட்டத்துல நாப்பது பேருக்கு இடம் இருக்கு. நாப்பதும் அப்படியே பத்திரமா இருக்கு. ஏன்? ஒவ்வொருத்தரா என் அறை வரைக்கும் ஏறி வந்து, தங்களால முடியும்னு நிரூபிச்சுட்டுப் போயிடுறாங்க. வர முடியாதவங்க வர்றதில்ல. அவங்களுக்கு ஆர்வம் இல்லன்னு நாங்க புரிஞ்சுக்குறோம்."

பிறகு அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். கண்ணாடிச் சட்டம் போட்ட தன்னம்பிக்கைச் சான்றிதழ் ஒன்றை அவள் மடியில் வைத்தார். கனமான சட்டம். வண்டி போய்ச் சேரும் வரை இரண்டு தொடையும் வலித்தன.

இரண்டு மாதம் கழித்து அச்சகத்திலிருந்து வந்த கட்டில் மையத்தின் ஆண்டறிக்கை இருந்தது. அச்சகக்காரருக்கு அவள் அங்கே நடையாய் நடந்ததெல்லாம் தெரியாது. "அவசரம்மா, வியாழக்கிழமை வேணும்" என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தார்.

அவள் வழக்கம்போல் திருத்திக்கொண்டே போனாள். பக்கத்துக்குப் பத்துப் பிழை. 'மறுவாழ்வு' என்பதற்கு 'மறுவழ்வு'. 'பயனாளிகள்' என்பதற்கு 'பயணாளிகள்'. இருபத்து மூன்றாம் பக்கத்தில் அவள் படம். இயக்குநர் குனிந்து அவள் தோளில் கை வைத்திருந்தார். கீழே எழுதியிருந்தது:

'பயனாளி 417 தனியாக வசிப்பவர். தினமும் காலை ஏழு மணிக்கு நம் துணையாள் அவர் வீட்டுக்கு வருகிறார். குளிக்கவும் உடுத்தவும் உதவுகிறார். இருவரும் சிரித்துப் பேசியபடியே காலை உணவு உண்கிறார்கள். இப்போது அவர் தனிமையில் இல்லை.'

அறிக்கையிலேயே பிழையில்லாத பக்கம் அது ஒன்றுதான். ஒரு ஒற்று கூட விட்டுப்போகவில்லை.

முதலில் அவளுக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. இருபத்து மூன்றாம் பக்கத்துப் பெண்ணுக்கு ஏழு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம் கேட்கிறது. வருகிறவளுக்கு என்ன வயதிருக்கும்? ஈரத்தலையைத் துவட்டும்போது என்ன பேசுவாள்? சொந்தக் கஷ்டத்தைச் சொல்வாளா? இருவரும் எதைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்? மெய்ப்புக்காரி அந்தப் பத்தியை ஏழெட்டு முறை படித்தாள். கோப்பையில் பாதி டீ ஆறிப்போனது.

மெய்ப்புப் பார்ப்பவள் எழுத்தைத்தான் திருத்தலாம், விஷயத்தைத் தொடக் கூடாது. பதினைந்து வருஷத்தில் அவள் அந்த வரம்பைத் தாண்டியதே இல்லை. பூமி தட்டை என்று ஒருவர் எழுதிய புத்தகத்தில்கூட, 'தட்டை'க்கு இரண்டு 'ட்' போட்டிருந்ததைத்தான் அடித்தாள். அன்று பென்சிலை எடுத்து, மூச்சைப் பிடித்து, வலது கை யோசித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். 'வருகிறார்' என்பதை அடித்து 'வருவதில்லை' என்று ஓரத்தில் எழுதினாள். 'உதவுகிறார்' போய் 'உதவ யாருமில்லை' ஆயிற்று. 'இருவரும் சிரித்துப் பேசியபடியே' என்பதை நீக்கி 'தனியாக' என்று போட்டாள். 'உண்கிறார்கள்' என்பதை ஒருமையாக்கினாள். கடைசி 'இல்லை'யை அடித்து 'இருக்கிறார்' என்று எழுதினாள். ஐந்து திருத்தம். அரை மணி நேரம் ஆயிற்று. கையெழுத்து எப்போதையும்விட நன்றாக வந்திருந்தது.

அச்சகக்காரர் அவள் திருத்தியதைத் திரும்பப் பார்க்கிற வழக்கம் கிடையாது. அப்படியே அச்சேறியது.

ஆண்டு விழாவுக்கு மையமே வண்டி அனுப்பியது. சாதனையாளர் இல்லாமல் விழா நடக்காது. மேடையில் சிறப்பு விருந்தினருக்கு இடப்பக்கம் அவளை நாற்காலியோடு நிறுத்திவைத்தார்கள். முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தைப் பிரித்ததும் தெரிந்துவிடும், அதோடு எல்லாம் வெடிக்கும் என்று காத்திருந்தாள்.

இயக்குநர் அறிக்கையைப் பிரித்தார். எதையும் வாசிக்கும்போது அவர் பொருளைக் கவனிப்பதில்லை, குரலைத்தான் கவனிப்பார். நல்ல குரல்.

"பயனாளி நானூற்றுப் பதினேழு தனியாக வசிப்பவர்," என்று கணீரென்று ஆரம்பித்தார். "தினமும் காலை ஏழு மணிக்கு நம் துணையாள் அவர் வீட்டுக்கு வருவதில்லை! குளிக்கவும் உடுத்தவும் உதவ யாருமில்லை! தனியாகக் காலை உணவு உண்கிறார்!" இங்கே கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "இப்போது அவர் தனிமையில் இருக்கிறார்."

முந்நூறு பேரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். சிறப்பு விருந்தினர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுமாதிரி இன்னும் ஆயிரம் பேரை இந்த மையம் உருவாக்கணும்" என்றார். ஒருவர் அவள் மடியில் பூங்கொத்தை வைத்தார். மெய்ப்புக்காரி மேடையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாராவது ஒருவர் புருவத்தைச் சுளிக்கிறாரா என்று. ஓரத்தில் தூணருகே நின்ற தட்டச்சுக்காரம்மா மட்டும் கை தட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாழ்நாளில் அவளைப் பற்றிய உண்மையை அவ்வளவு சத்தமாக யாரும் சொன்னதில்லை. வீட்டில் இறக்கிவிட்டு வண்டி போன பிறகு, அறை முன்னைக்கு இப்போது இன்னும் பெரிதாக இருந்தது.

ஒரு மாதம் கழிந்தது. ஒரு சனிக்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டது. தட்டச்சுக்காரம்மா கையில் உறையோடு நின்றாள்.

"நேர்ல குடுத்துக் கையெழுத்து வாங்கணும்னாங்கக்கா. நானே கொண்டு வரேன்னு வாங்கிட்டு வந்தேன்."

உள்ளே வந்து உட்கார்ந்து, மெய்ப்புக்காரி கேட்டுக்கொண்டதன்பேரில் தானே பிரித்துப் படித்தாள். மேலிடத்தில் யாரோ ஒருவர் அறிக்கையை உண்மையாகவே வாசித்துத் தொலைத்திருக்கிறார். துணையாள் ஏன் வருவதில்லை என்று விளக்கம் கேட்டிருக்கிறார். விசாரணைக் குழு அச்சகத்திலிருந்து மெய்ப்புத் தாளை வரவழைத்து, திருத்தியது யார் என்றும் கேட்டறிந்து, ஆராய்ந்திருக்கிறது. முடிவு இதுதான்: 'இருபத்து மூன்றாம் பக்கத்தின் ஐந்து திருத்தங்களும் தெளிவாகவும் சீராகவும் செய்யப்பட்டுள்ளன. இது பயனாளியின் வலது கை மிக நன்றாக இயங்குவதற்குச் சான்றாகும். ஆகவே துணையாள் தேவை எழவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது. இந்த முன்னேற்றத்துக்குக் காரணமான பயிற்சியாளருக்குப் பாராட்டுத் தெரிவிக்கப்படுகிறது.'

"இதையும் நான்தான் டைப் பண்ணேன்," என்றாள் தட்டச்சுக்காரம்மா. அவள் முகம் சிவந்திருந்தது. "அந்தப் பக்கத்தையும் நான்தான். 'வருகிறார்'னு போடச் சொன்னப்ப, இன்னும் யாரையும் அனுப்பலையே சார்னு கேட்டேன். நிகழ்காலத்துல எழுதினாத்தான் நம்பிக்கை வரும்மான்னாரு. நானும் போட்டேன்."

"பிழையே இல்லாம போட்டிருந்தீங்க," என்றாள் மெய்ப்புக்காரி.

"என்னக்கா?"

திரும்பச் சொன்னாள். தட்டச்சுக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மெய்ப்புக்காரிக்கும் தொற்றிக்கொண்டது. உடம்பெல்லாம் வெட்டி வெட்டி, நாற்காலி கிறீச்சிடச் சிரித்தாள்.

இத்தனை மாதமும் தான் படிவத்திடமும் போனிடமும் மேசைக்குப் பின்னால் இருந்த பதவிகளிடமும்தான் கேட்டிருக்கிறோம் என்று மெய்ப்புக்காரிக்கு அப்போது தோன்றியது. ஒரு மனுஷியிடம் கேட்டதில்லை. கேட்பதற்கு வெட்கமாக இருந்தது. வாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தடுக்கியது.

"காலைல ஏழு மணிக்கு... நீங்க வருவீங்களா?"

தட்டச்சுக்காரம்மா உறையை நான்காக மடித்தாள், பிரித்தாள்.

"தினமும் முடியாதுக்கா. குழந்தைய பள்ளிக்கூடத்துல விடணும், எட்டேகால் பஸ்ஸப் பிடிக்கணும். செவ்வாயும் வெள்ளியும் வீட்டுக்காரரு கொண்டு விடுவாரு. அந்த ரெண்டு நாள் வரேன்." எழுந்து வாசல் வரை போனவள் திரும்பினாள். "ஒண்ணு மட்டும். மையத்துக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா, நாங்கதான் அனுப்புறோம்னு அடுத்த வருஷ அறிக்கையில என்னையே டைப் பண்ண வெச்சுடுவாங்க."

செவ்வாய்க்கிழமை ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டாள். வெந்நீர் சூடு பொருத்தம் பார்க்கத் தெரியவில்லை, முதல் செம்பிலேயே மெய்ப்புக்காரியை அலற வைத்தாள். எந்தக் கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும் என்று இருவரும் சண்டை போட்டார்கள். தன் மாமியாரைப் பற்றி ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தவள், பாதியில் கடிகாரத்தைப் பார்த்து, "ஐயோ பஸ்ஸு! மிச்சத்த வெள்ளிக்கெழம சொல்றேன்க்கா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

மணி எட்டுதான் ஆகியிருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது. மெய்ப்புக்காரி மேசைக்குப் போனாள். அச்சுத் தாளைப் பிரித்தாள். ஒரு வரி ஓடவில்லை. அந்த மாமியார் கடைசியில் என்னதான் சொல்லியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டே, புதன்கிழமை வருவதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். அதற்கப்புறம், வெள்ளிக்கு முன்னால், வியாழன் ஒன்று இருந்தது.